இது யார் கை?

குறிஞ்சிப்பாடி

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

போன வாரம் நான் பகல் தூக்கத்தில் இருந்தபடியால் எழுப்ப மனமில்லாமல் நீ என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போன ஜெராக்ஸ் பத்திரிகையை அன்று மாலையே வாசித்து முடித்தேன். அதிலே ‘மாயாவியும் எங்கள் ஆயாவும்’ என்ற உன் கட்டுரையை மட்டும் இரவு சாப்பாட்டுக்குப் பின் மறுபடி எடுத்து, கையில் சிவப்புப் பென்சிலோடு, ஒரு வரி விடாமல் படித்தேன். பென்சிலுக்காக நீ மனம் கோணக் கூடாது. முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியவனுக்கு அது ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்த வியாதி.

நமக்குள் பாலபாடம் வேண்டியதில்லை. 1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டு முத்து காமிக்ஸைத் தொடங்கியதும், 1984-இல் அவருடைய குமாரர் விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்ததும், அதே வருஷத்தில் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டைக் கூட்டிக்கொண்டு கடைக் கயிற்றில் வந்து தொங்கியதும் உனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே நேரே என் ஆக்ஷேபணைகளுக்கு வருகிறேன். அவை இரண்டு.

முதலாவது, ‘வேற லெவல்’. உன் கட்டுரையில் இந்தப் பிரயோகம் பதினொரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். மாயாவி வேற லெவல், நீர்மூழ்கிக் கப்பல் வேற லெவல், ‘பாம்புத் தீவு’ அட்டை வேற லெவல். எந்த லெவலிலிருந்து எந்த லெவலுக்கு, அப்பா? ஒரு சித்திரத்தை உற்றுப் பார்த்து, அதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, வரைந்தவர் நிழலைக் கறுப்பு மையால் நிரப்பியிருக்கிறாரா அல்லது மெல்லிய கோடுகளால் அடுக்கியிருக்கிறாரா என்று சொல்வதற்குப் பிரயாசை வேண்டும்; அந்தப் பிரயாசையிலிருந்து தப்பித்துக்கொள்வதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. எங்கள் காலத்தில் அது ‘பிரமாதம்’. நாங்களும் சோம்பேறிகளாகத்தான் இருந்தோம். ஆனால் பதினொரு தடவை இல்லை.

இரண்டாவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. பதினான்கு பக்கக் கட்டுரையில் நாயகன் பெயர் இருக்கிறது, வில்லன்கள் பெயர்கள் இருக்கின்றன, பழைய பிரதி ஒன்று இன்று எத்தனை ஆயிரத்துக்குப் போகிறது என்ற வியாபாரச் செய்திகூட இருக்கிறது. வரைந்தவன் பெயர் மாத்திரம் இல்லை. ‘ஏதோ இங்கிலீஷ் காமிக்ஸ்’ என்று அரை வரியில் தாண்டிவிட்டாய். ‘ஏதோ’! பார்சிலோனாவில் 1919-இல் பிறந்த ஜேசுஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பானியர், லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வாரப் பத்திரிகை 1962 அக்டோபரில் தொடங்கிய நாளிலிருந்து, கென் புல்மரும் பிற்பாடு டாம் டல்லியும் எழுதிக்கொடுத்த கதைக்கு வாரம் சில பக்கங்களாக வரைந்து அனுப்பிய சித்திரங்கள் அவை. உடம்பு மறைந்து கை மாத்திரம் தெரியும் ஒருவனை வரைவது எத்தனை சங்கடமான காரியம் என்று நினைத்துப் பார்த்தாயா? முகம் இல்லை, ஆகவே முகபாவம் இல்லை. கோபம், பயம், தந்திரம் அத்தனையையும் அந்த ஐந்து எஃகு விரல்களின் மடிப்பிலேயே காட்டியாக வேண்டும். காட்டினார். அதைத்தான் நாம் குறிஞ்சிப்பாடியில் உட்கார்ந்துகொண்டு வாய் பிளந்து பார்த்தோம், அவர் இன்னாரென்று தெரியாமலே.

இதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று நீ கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குழித்தறிகள், கைலி நெசவு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ராட்டையில் தார் சுற்றித் தரவேண்டும். அதற்கு அப்பா கொடுக்கும் சில்லறை அத்தனையும் வாடகைப் புத்தகக் கடைக்குப் போகும், தைப்பூசம் வந்தால் வடலூர்க் கடைகளில் பழைய புத்தகக் குவியலுக்குப் போகும். தெருவிளக்குக்கு நெய்வேலியிலிருந்து மின்சாரம் வருகிறது என்று பெரியவர்கள் பெருமையாகப் பேசிக்கொண்ட காலம் அது. மாயாவி மறைவதற்கும் மின்சாரந்தானே வேண்டும்? நெய்வேலி அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியதும் இதே 1962-இல் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டபோது, உலகத்துக்குச் சல்லிக் காசு பிரயோஜனமில்லாத அந்த ஒற்றுமையை எண்ணி இரண்டு நாள் ஆனந்தப்பட்டேன். நம் இருவருக்கும் உள்ள பைத்தியம் ஒரே பைத்தியந்தான்.

எட்டாம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதன் அட்டைக்காக நான், காமிக்ஸ் பக்கத்தின்மேல் எண்ணெய் தடவிய தாளை வைத்து, இருட்டிலிருந்து நீண்டு வந்து டெலிபோனை எடுக்கும் அந்தக் கையைக் கோடு பிசகாமல் ஒற்றி எடுத்து, கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டேன். வகுப்பே மெச்சியது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். தறிக் குழியில் கால் தொங்கவிட்டபடியே வாங்கிப் பார்த்தார். அவருக்குக் காமிக்ஸ் தெரியாது. ஆனால் சங்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் கைலிகளில் ஒன்றை உருவி, ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, இது இன்னார் கை என்று நெய்தவனைச் சொல்லக்கூடியவர். சித்திரத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “இது யார் கை?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். “கோடு உன்னுது இல்லியேடா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு நாடாவைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கியவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் வாரப் பத்திரிகைகள் சித்திரக்காரர் பெயரையோ கதாசிரியர் பெயரையோ அச்சிடுவதைச் சம்பிரதாயமாகவே வைத்துக்கொள்ளவில்லை. 1977-இல் தோன்றிய ‘2000 ஏ.டி.’ போன்ற ஒன்று வந்துதான் அங்கே அந்த வழக்கம் மாறியது. நீ கொண்டாடுகிற ஸ்பைடரையே எடுத்துக்கொள். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்ட அந்தக் கூர்ங்காதனை வரைந்தவர் ரெக் பன். முதலில் எழுதியவர் டெட் கோவன். அவருக்குப் பின் எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 1938-இல் அதன் உரிமையை இருவருமாக 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வழக்காடி, தம் படைப்பில் தம் பெயரைக்கூடக் காணாமல் நின்ற அதே சீகல்! உலகத்தின் முதல் மகா வீரனைப் பெற்ற கை, பெயரில்லாத கூலியாகக் கடல் தாண்டி ஒரு வில்லனை எழுதியது. அந்த வில்லன் 1984-இல் ‘எத்தனுக்கு எத்தன்’ என்று சிவகாசி வழியாக நம் ஊருக்கு வந்தான். 1975-இல்தான் சூப்பர்மேனின் சொந்தக்காரர்கள் மனமிரங்கி, சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் ஜீவனாம்சமும் பெயரும் கொடுக்கச் சம்மதித்தார்கள். இதைவிட ஆச்சரியமான கதை ஸ்பைடரின் கதைகளிலேயே கிடையாது. நீயோ அவனுடைய ஹெலிகாருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய்.

கடல் கடந்தவர்களை விடு, நம்மவர்களையாவது நினைத்தாயா? இங்கிலீஷ் வாசகத்துக்கு அளவெடுத்து வரைந்த பேச்சுக் குமிழியில் தமிழை அடைப்பது, ஐந்து வயதுப் பிள்ளையின் சட்டையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு மாட்டுவது போன்ற காரியம். நமக்குக் கொம்பு வேண்டும், கால் வேண்டும், விகுதி வேண்டும். அர்த்தம் கெடாமல் வார்த்தையைக் குறைத்தவர் ஒருவர்; குறைந்ததைக் குமிழியின் விளிம்பு இடிக்காமல் எழுதியவர் இன்னொருவர். துப்பாக்கி ‘டுமீல்’ என்றுதான் வெடிக்கும் என்று நம் காதுக்குள் ஏற்றியவர் எவரோ ஒருவர் இருந்திருக்க வேண்டுமே! முத்து காமிக்ஸின் தொடக்க காலத்தில் ஆசிரியப் பொறுப்பிலிருந்து தமிழாக்கியவர் முல்லை தங்கராசன். அந்தப் பெயர் உன் கட்டுரையில் ஒரு மூலையிலாவது இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி குறைந்திருக்கும். கதை எழுதிய கையையும் மொழிபெயர்த்த கையையும் மட்டுமல்ல, கெடுத்த கையையும் சொல்ல வேண்டும். என்னிடம் உள்ள ஒரு பழைய புத்தகத்தில் கடற்கரையில் நிற்கும் ஒரு பெண்ணின் தோளில், மூலச் சித்திரக்காரர் கனவிலும் வரைந்திராத ஒரு ரவிக்கை, மற்றக் கோடுகளைவிட இரட்டிப்புக் கனத்தில் ஏறியிருக்கிறது. நெசவாளி மகனாகப் பார்த்தால் தையலும் சரியில்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நம் ஊர் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வியாசமே எழுதலாம், எழுது.

ரசிகனுடைய வேலை ரசிப்பதோடு முடிந்துவிடுகிறது என்று எவரும் உனக்குச் சொன்னால் பிலிம் நியூஸ் ஆனந்தனை நினைத்துக்கொள். சினிமாப் பித்தோடு புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர். நடித்தவர் யார், பாடியவர் யார், படம் பிடித்தவர் யார், எந்தத் தேதியில் வெளிவந்தது என்று படம் படமாகக் குறித்துக்கொண்டே போனார். 2016-இல் அவர் காலமானபோது, தமிழ் சினிமாவின் ஞாபகசக்தி போய்விட்டது என்று சொன்னவர்கள் மிகையாகச் சொல்லவில்லை. அவர் சேகரித்தவற்றை அரசாங்கமே பெற்றுக்கொண்டது. ‘பிரமாதம்’ என்று கைதட்டிவிட்டு எழுந்து போன லக்ஷம் ரசிகர்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நோட்டுப் புத்தகந்தான்.

திட்டியது போதும். இனி ஒரு விஷயம் சொல்கிறேன், தலைக்கனம் பிடித்துவிடாதே. ஒன்பதாம் பக்கத்தில், எழுத்து வாசனையே அறியாத உன் ஆயா, நீ தூங்கிய பின் உன் தலைமாட்டிலிருந்த புத்தகத்தை எடுத்துச் சிமினி விளக்கில் புரட்டிப் பார்த்துவிட்டு, விடிந்ததும் உன்னை எழுப்பி, “இந்தக் கைக்குச் சொந்தக்காரன் எங்கடா போனான், சோறு தின்னானா இல்லையா?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பது வருஷமாக மூன்று அலமாரி நிறையச் சேர்த்தும், என் அப்பா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தும், அதற்கடுத்த கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிளாஸ்கோ வாரக் கணக்கில் வரைந்தாரே, சீகல் பக்கக் கணக்கில் எழுதினாரே, அவர்கள் சோறு தின்றார்களா என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்! மாயாவியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் நான் படித்த வரையில் இதற்கு ஈடான வரி இல்லை. அதை எழுதிய கையோடு அடுத்த வாக்கியத்தில் ‘ஆயா வேற லெவல்’ என்றும் எழுதியிருக்கிறாய். அதைத்தான் அத்தனை சிவப்பாக அடித்திருக்கிறேன். தாள் கிழிந்துவிட்டதற்கு மன்னிக்கவும்.

அடுத்த இதழை நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவருவதாகச் சொன்னாய். பிளாஸ்கோவைப் பற்றி என்னிடம் உள்ள குறிப்புகளைத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா, பகல் தூக்கத்துக்கு முன்னால் வா.

கடைசியாக ஒன்று. உன் பத்திரிகையின் அட்டையில் மாயாவியின் கை ராட்டை சுற்றுவதுபோல் ஒரு பேனாச் சித்திரம் இருக்கிறது. அருமையாக இருக்கிறது, எங்கிருந்தும் ஒற்றி எடுத்ததாகத் தெரியவில்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், வரைந்தவர் பெயரைக் காணோம். உன் தங்கை திண்ணையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்ததாக என் மனைவி சொல்கிறாள். வாஸ்தவமா?

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
பழைய வாத்தியார்