வீடு வாங்குவோரும் சுவர்க் கறையும்

(தமிழ் ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். இம்மூன்றனுள் உணவில் ஏமாந்தவன் ஒரு நாளிலும், உடையில் ஏமாந்தவன் ஓராண்டிலும் அவ்விழப்பினின்று மீண்டுவிடுவான். உறையுளில் ஏமாந்தவனோ முப்பது ஆண்டு தவணை செலுத்திக்கொண்டே அவ்வேமாற்றத்தினுள் குடியிருத்தல் வேண்டும். ஆதலின் வீடு வாங்குவார் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டுமென்பது சொல்லாமலே அமையும். எதனைக் கண்டு எச்சரிக்கை கொள்வது, கண்டபின் யாது செய்வது என்பனவே ஆராயத்தக்கன.

இப்பொருளை நான் ஆராயப் புகுந்ததற்கு என் தமக்கையார் எழுதிய கடிதம் ஒன்றே காரணம். அவரும் அத்தானும் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பிளாரிடா மாகாணத்தில் வேலையின் பொருட்டு வாழ்கின்றனர். சென்ற ஆண்டில் ஆங்கு ஒரு வீட்டை விலை பேசி அச்சாரமும் கொடுத்தனர். அவ்வீடு 2006-ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. அதன் கூடத்து உட்கூரையில், ஒரு தாம்பாளம் அளவினதாகிய இடத்தில் மட்டும், வண்ணம் சற்றே மாறுபட்டிருந்தது. மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது, அப்புதுப் பூச்சின் கீழே பழுப்பு வளையம் ஒன்று மங்கலாய்த் தெரிந்தது. தரகரை வினவியபோது, “அது பழைய கதை, எப்போதோ சரிசெய்தாயிற்று” என்றாராம். “தம்பி, நீ புத்தகசாலையிலேயே இருப்பவன். ஒரு கறைக்கு இவ்வளவு அஞ்ச வேண்டுமா என்று பார்த்து எழுது. எங்கள் சேமிப்பெல்லாம் இதில் இருக்கிறது” என்று தமக்கையார் எழுதியிருந்தார்.

நான் கட்டிடக் கலை கற்றவனல்லன். எனினும் படித்தும் வல்லாரைக் கேட்டும் அறிந்தவற்றை அவருக்குத் தொகுத்து எழுதினேன். அந்நாட்டிற் சென்று வீடு வாங்குவார் நம்மவருட் பலராதலின், அவற்றை ஈண்டும் வரைகின்றேன்.

சுவரின் இயல்பு

சுவர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன செங்கல்லும் சாந்துமேயாம். அமெரிக்க நாட்டு வீடுகளின் உட்சுவர்களும் உட்கூரைகளும் பெரும்பாலும் அத்தகையன அல்ல. சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சம் பலகைகளைத் திருகாணிகளால் முடுக்கி, இணைப்புக்களை நாடாவாலும் பூச்சாலும் மறைத்து, வண்ணம் தீட்டிவிடுவர். ஈரச் சாந்தைப் பூசிக் காயவிடும் வேலை இன்மையின் இதனை ‘டிரைவால்’, அஃதாவது உலர்ந்த சுவர், என்பர். நம் நகரங்களில் ‘ஃபால்ஸ் சீலிங்’ என்று கூரையின் கீழ்ப் பொருத்துவதும் பெரும்பாலும் இவ்வினப் பலகையே.

இரண்டு தடித்த தாள்களுக்கிடையே ஜிப்சம் குழம்பை இட்டு இறுகச் செய்தலால் இப்பலகை உண்டாகின்றது. இதன் முன்னோடியாகிய பலகைக்கு அகஸ்டைன் சாக்கெட் என்பார் 1894-ல் காப்புரிமை பெற்றார். இக்காலத்துப் பலகை பொதுவாக 4 அடி அகலமும், 8 அடியோ அதற்கு மேலோ நீளமும், அரை அங்குலக் கனமும் உடையது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் அதனோடு இரசாயன முறையிற் கலந்துள்ள நீரேயாம். தீப் பற்றுங்கால் இந்நீர் ஆவியாகி வெளிப்பட்டு வெப்பத்தைத் தணிப்பதால், இப்பலகை நெருப்பை நெடுநேரம் தடுத்து நிற்கும். ஆயினும் வெளியிலிருந்து நீர் ஊறுமாயின் ஜிப்சம் இளகி வலுவிழக்கும். மேலுள்ள தாள் பூசணத்திற்கு உணவாகும். நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிடின் பெரும்பாலும் பூசணம் பற்றாது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிலையத்தார் கூறுகின்றனர். சுவரின் உட்புறத்தில் மறைவாக ஊறும் நீரை அத்துணை விரைவில் அறிவார் யார்? அதனை நமக்கு முதன்முதல் அறிவிப்பது கறையேயாம்.

கறை வகைகள்

கறைகளெல்லாம் ஒரு தன்மையன அல்ல. பலகையில் ஊறிய நீர் ஆங்குள்ள அழுக்கைக் கரைத்துக்கொண்டு விளிம்பு நோக்கிச் சென்று, உலருங்கால் அதனை ஆண்டே விட்டுவிடும். ஆதலின் நீர்க்கறை நடு வெளிறி விளிம்பு கருத்த வளையமாய்த் தோன்றும். வளையத்துள் வளையமாய்ப் பல இருப்பின், அவ்விடம் பன்முறை நனைந்து உலர்ந்தது என்று கொள்ளலாம். மழைக்குப்பின் கறை பெருகுமாயின் கூரையை ஐயுறல் வேண்டும். மழையில்லாத நாளிலும் பெருகுமாயின், மாடிக் குளியலறைக் குழாயையோ குளிரூட்டு யந்திரத்தின் வடிநீர்க் குழாயையோ ஐயுறல் வேண்டும்.

சுவரின் அடிப்பகுதியில் கிடைக்கோடாக ஓடும் கறை வெள்ளம் புகுந்ததைக் காட்டும். கோடு மறைக்கப்பட்டிருப்பினும், ஓர் அறை முழுவதும் சுவரின் கீழ்ப்பாகம் மட்டும் புதியதாயும் மேற்பாகம் பழையதாயும் இருத்தல் கண்டால், காரணம் கேளாது அகலுதல் கூடாது. கரும்புள்ளிகளாய்த் திரண்டு மண்வாடை வீசுவது பூசணம். வரிசையாய் அமைந்த செம்புள்ளிகள் திருகாணித் தலைகள் துருவேறியதன் அடையாளம். ஈரம் மிக்க இடத்தில் இவை தோன்றும். சட்டங்கள் நிற்கும் இடங்களில் மட்டும் சாம்பல் நிறக் கோடுகள் காணப்படுமாயின், அவை பெரும்பாலும் குளிர்ந்த இடத்தில் படிந்த தூசியும் புகையுமேயன்றி நீர்க்கறை அல்ல. கறை கண்டவுடன் வீட்டையே வெறுத்தலும் அறிவுடைமையன்று என்பது இதனாற் புலனாம்.

வண்ணம் பூசுதலும் தன்னளவிற் குற்றமாகாது. ஒழுக்கை அடைத்து, நைந்த பலகையை அறுத்தெடுத்துப் புதிது பொருத்தி, பின் வண்ணம் பூசுவோன் வீட்டைச் செப்பனிட்டவனாவான். ஒழுக்கை அவ்வாறே விட்டு வண்ணம் மட்டும் பூசுவோன் வாங்குவோனது கண்ணை மறைத்தவனாவான். சாதாரண நீர்வண்ணத்தை ஊடுருவிக்கொண்டு நீர்க்கறை மீண்டும் மேலெழும் இயல்புடையது. அத்தான் கண்ட வளையம் அவ்வாறு எழுந்ததே.

கறை படியாத பலகையின் கேடு

இனி, கறைபடாத வெண்மையான பலகையுள்ளும் கேடு இருத்தல் கூடும் என்பதற்கு அந்நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு சான்றாகும். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் பெரும்புயல்கள் பல பிளாரிடா, லூசியானா முதலிய மாகாணங்களைத் தாக்கின. வீடுகளைப் புதுக்க வேண்டியிருந்தமையானும், அக்காலத்தில் புது வீடுகள் மிகுதியாய்க் கட்டப்பட்டமையானும், ஜிப்சம் பலகைக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. சீன தேசத்திலிருந்து பலகைகள் பெருவாரியாய் இறக்குமதியாயின. அவற்றுட் சிலவற்றில் கந்தகம் அளவிற்கு மிஞ்சி இருந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க காற்றில் அப்பலகைகள் ஹைட்ரஜன் சல்பைடு முதலிய வாயுக்களைக் கக்கின. வீடுகளில் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. செம்புக் கம்பிகள் கறுத்தன. குளிரூட்டு யந்திரத்தின் செம்புச் சுருள்கள் அரிக்கப்பட்டு அடிக்கடி பழுதாயின. வெள்ளிப் பொருள்களும் கறுத்தன. கண்ணெரிச்சல், இருமல், தலைநோவு என்று பலர் முறையிட்டனர்.

அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையத்தாரிடம் நாற்பதிற்கு மேற்பட்ட மாகாணங்களிலிருந்து ஏறத்தாழ 4,000 முறையீடுகள் வந்தன. 2009-ல் வழக்குகள் பல நியூ ஆர்லியன்ஸ் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஆணையத்தார் வகுத்த முறைப்படி, முதற்கண் ஆராயத்தக்கன இரண்டு: 2001-க்கும் 2009-க்கும் இடையே புதுப் பலகை பொருத்தப்பட்டதா என்பது ஒன்று, செம்புக் கம்பியோ குளிர்ச்சுருளோ கறுத்துள்ளதா என்பது மற்றொன்று. இவை இரண்டும் உளவாயின், பலகையிலுள்ள கந்தகத்தின் அளவு முதலிய பிற சான்றுகளைத் தேடல் வேண்டும். கேடுற்ற வீட்டில் அப்பலகைகளை முழுவதும் நீக்குவதோடு, தீ அறிவிப்புக் கருவிகள், மின் ஸ்விட்ச்சுகள், எரிவாயுக் குழாய்கள் முதலியவற்றையும் மாற்றுமாறு அவர்கள் அறிவுறுத்தினர். 2013 ஜனவரியில் இதற்கெனத் தனிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. சீனப் பலகை யாவும் கெட்டன அல்ல என்பதையும் ஈண்டுக் குறித்தல் நேர்மையாம்.

இதனால் நாம் அறிவது யாது? சுவரை மட்டும் நோக்குதல் போதாது. சுவரோடு உடனுறையும் செம்பையும் நோக்குதல் வேண்டும். தமக்கையார் பேசிய வீடு 2006-ல் எழுந்ததாதலின் இவ்வையம் அவ்வீட்டிற்கும் உரியதே.

விற்போன் கடமை

வாங்குவோனே விழித்திருக்கக் கடவன் என்பது ஆங்கில நாட்டுப் பழஞ் சட்டக் கொள்கை. விற்பவன் பொய் கூறாது வாளாவிருந்தால் குற்றமில்லை என்பது அதன் கருத்து. இக்கொள்கையைப் பிளாரிடா மாகாண உச்ச நீதிமன்றம் 1985-ல் ஒரு வழக்கில் விலக்கியது. அவ்வழக்கும் ஒரு கறையிலிருந்தே எழுந்தது. மூன்றாண்டே ஆன ஒரு வீட்டை 3,10,000 டாலர் விலைக்குப் பேசிய ஒரு குடும்பத்தார், சன்னலோரத்தில் பூச்சு உப்பி உரிந்திருப்பதையும் உட்கூரையிற் கறைகள் இருப்பதையும் கண்டு வினவினர். சன்னற் குறை எப்போதோ தீர்க்கப்பட்டதென்றும், கறைகள் சுவர்த்தாள் ஒட்டிய பசையாலும் உத்தரங்களை நகர்த்தியதாலும் ஏற்பட்டன என்றும் விற்பவர் விடை கூறினார். அதனை நம்பி அச்சாரத்தின் பெரும்பகுதியையும் செலுத்தினர். சில நாட்களில் பெருமழை பெய்தது. சன்னலோரத்திலும், உட்கூரையிலும், விளக்குப் பொருத்திய இடங்களிலும், சமையலறை அடுப்பின் மேலும் நீர் பாய்ந்தது.

வீட்டின் மதிப்பைப் பெரிதும் பாதிப்பதும், எளிதிற் கண்ணுக்குப் புலப்படாததும், வாங்குவோன் அறியாததுமாகிய குறை ஒன்றை விற்பவன் அறிந்திருப்பானாயின், அதனைத் தானே எடுத்துரைத்தல் அவன் கடமை என்று நீதிமன்றம் தீர்த்தது. வாங்கியோர்க்கு அச்சாரம் திரும்பக் கிடைத்தது. எல்லா மாகாணங்களிலும் சட்டம் ஒன்றன்று. பிளாரிடாவிலும், விற்பவன் அக்குறையை அறிந்திருந்தான் என்று மெய்ப்பிக்கும் பாரம் வாங்கியவன் தலையிலேயே விழும். ஆகவே சட்டத்தை நம்பிக் கண்ணை மூடுதல் தகாது.

வாங்குவோர் செய்யத்தக்கன

இவற்றையெல்லாம் கருதித் தமக்கையார்க்கு நான் எழுதியவை பின்வருமாறு:

1. கறையின் காரணத்தை விற்பவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். எப்போது, எதனால், யார் செப்பனிட்டார், அதற்குரிய ரசீது எங்கே என்பனவற்றைக் கேளுங்கள். குளிர்ச்சுருளை எத்தனை முறை மாற்றினார் என்பதையும் கேட்க மறவாதீர்கள்.

2. உடன்படிக்கையிற் குறித்த சோதனை நாட்கள் கழியுமுன், தரகரைச் சாராத சோதனையாளர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். ஈரமானியைக் கறையின்மேலும் கறையற்ற இடத்திலும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். உலர்ந்த கறை பழங்கதை. ஈரமான கறை நிகழ்காலக் கதை.

3. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்குப் பெட்டிகள் சிலவற்றைத் திறந்து செம்புக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ச்சுருளையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றை நீங்களே செய்ய முற்பட வேண்டா.

4. பூசணம் 10 சதுர அடிக்குக் குறைவாயின் வீட்டாரே துடைத்து நீக்கலாம் என்பர். மிகுமாயின் வல்லாரை அழையுங்கள். எவ்வாறாயினும் நீரின் வழியை அடைத்தபின்னரே பலகையை மாற்றுங்கள்.

5. மிகப் பழைய வீடாயின் சுவரைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டா. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த இணைப்புப் பூச்சு அந்நாட்டில் 1977-லும், ஈயம் கலந்த வீட்டு வண்ணம் 1978-லுமே தடை செய்யப்பட்டன.

6. குறை வெளிப்பட்டபின் உங்கட்கு வழி மூன்று: விற்பவரே செப்பனிட்டுத் தருமாறு கேட்டல், செலவை விலையிற் கழித்தல், அச்சாரத்தை மீளப்பெற்று விலகுதல். முதல் வழியை மேற்கொண்டால், செப்பனிட்டதைச் சோதனையாளர் மறுபடி பார்க்கும்வரை பணம் செலுத்தாதீர்கள்.

முடிவுரை

சோதனையாளர் வந்தார். உட்கூரைப் பலகை ஈரமாயிருந்தது. மேலே ஏறிப் பார்த்தபோது, குளிரூட்டு யந்திரத்தின் வடிநீர்க் குழாய் பாசி அடைத்து, கீழுள்ள தட்டு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. செம்புக் கம்பிகளும் சுருளும் பளபளப்பாகவே இருந்தனவாதலின் கந்தகப் பலகை பற்றிய அச்சம் நீங்கியது. விற்பவர் குழாயைச் செப்பஞ்செய்து, நைந்த பலகையை அறுத்து மாற்றிக் கொடுத்தார். தமக்கையாரும் அத்தானும் அவ்வீட்டையே வாங்கிக் குடிபுகுந்தனர். குறையோ சிறிது, செலவும் சிறிது. அதனை முதலிலேயே கூறியிருப்பின் ஒருவர்க்கும் இழப்பில்லை. ஆயினும் அதனை மறைத்தமையால், வீட்டின் எப்பகுதியைப் பார்த்தாலும் இன்னும் என்ன மறைந்திருக்குமோ என்று அத்தான் பல நாள் உறக்கமின்றி இருந்தனர்.

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. அதனைச் சுவரைப் பேண வேண்டுமென்பதற்கே பெரிதும் எடுத்தாள்வர். சுவரைப் பற்றி உண்மை பேச வேண்டுமென்பதற்கும் அதனை எடுத்தாளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று வாங்குவோன் நாளை விற்போனாவான். தமக்கையார் தம் மறுகடிதத்தில், குழாய் செப்பனிட்ட ரசீதையும் பழைய கறையின் நிழற்படத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருப்பதாக எழுதியுள்ளார். “நாங்கள் இதை விற்கும் நாளில், வருகிறவர் கேளாமலே இவற்றை அவர் கையிற் கொடுப்போம்” என்பது அவர் வாக்கியம். நான் எழுதிய ஆறு குறிப்புக்களினும் அவ்வொரு வாக்கியமே சிறந்ததென்று கருதி இதனை முடிக்கின்றேன்.