ஆறு அடிகளில் ஓர் இல்லம்

பழந்தமிழ்ப் பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது தேர்வுத்தாள்தான். மனப்பாடப் பகுதியை ஒப்புவிக்கிறோம், அருஞ்சொற்பொருள் எழுதுகிறோம், தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடுகிறோம். மதிப்பெண் கைக்கு வருகிறது. பாட்டு கைநழுவிப் போகிறது. சுவைப்பதற்கென்றே ஒரு பாட்டைப் படித்தால் என்ன? குறுந்தொகையில் ஒன்றை எடுத்து முயன்று பார்ப்போம்.

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான குறுந்தொகையில், கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. பெரும்பாலானவை 4 முதல் 8 அடிகளே கொண்டவை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் இதனை 1937-இல் தம் உரையுடன் பதிப்பித்தார். நாம் எடுத்துக்கொள்வது கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாடல். அது ஆறே அடிகள்.

முதலில் உரையைப் பாராமல் இருமுறை வாய்விட்டுப் படிப்போம். பொருள் விளங்காவிடினும் ஓசை செவியில் தங்கட்டும். அடுத்து, சந்தி பிரித்துப் படிப்போம். தயிர், விரல், புகை, புளி எனத் தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டும். தெரியாத சொற்களுக்கு மட்டும் இப்போது உரையை நாடுவோம்.

பின்னர், பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று வினவுவோம். அகப்பாடல்களுக்கு இதுவே திறவுகோல். இங்கே பேசுபவள் செவிலித்தாய். தான் வளர்த்த பெண்ணின் புது இல்லத்தைக் கண்டுவந்து, பெற்ற தாயிடம் கூறுகிறாள். அப்பெண் கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் அவளுக்கு நேரமில்லை. தாளிப்பின் புகை மை தீட்டிய கண்களில் படிகிறது. தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவ்வளவே.

“என் மகள் நலமாக இருக்கிறாளா?” என்று தாய் கேட்டதாகப் பாட்டில் இல்லை. நலமாக இருக்கிறாள் என்று செவிலியும் சொல்லவில்லை. கறை படிந்த ஆடையையும் மலர்ந்த முகத்தையும் காட்டுகிறாள். தாயின் மனம் ஆறிவிடும். சொல்லாத அந்தக் கேள்வியை நாமே கண்டுபிடிக்கும்போது பாட்டு நமக்குச் சொந்தமாகிறது.

சமையல் அவளுக்கு மட்டும் உரியதா என்று இன்றைய மாணவி ஒருத்தி கேட்கலாம். கேட்கட்டும். பழைய பாட்டோடு வழக்காடுவதும் அதனைச் சுவைப்பதன் ஒரு பகுதியே. உயிரற்ற ஒன்றோடு யாரும் வழக்காடுவதில்லை அல்லவா?

இறுதியாக, பாட்டை நம் சொந்தச் சொற்களில் ஒருவருக்குச் சொல்வோம். இன்று மாலை வீட்டில் தாளிக்கும் மணம் எழும்போது, அடுப்பருகே நிற்கும் அன்னையிடமே சொல்லிப் பார்ப்போம். பல நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்தச் சமையலறை அவர்களுக்கு விளங்க எந்த உரையும் தேவைப்படாது.