ரூட் சான்றிதழ்: யாருடைய பட்டியலை நம்புவது?

2014 ஜூலையில், கூகுளின் சில இணைய முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் புழங்குவது தெரியவந்தது. வழங்கியது இந்தியாவின் தேசியத் தகவலியல் மையம். அப்போது விண்டோஸில் ஓடிய பெரும்பாலான மென்பொருள்களுக்கு அந்த மையத்தின் சான்றிதழ்கள் செல்லுபடியாயின. அதே கணினியில் இருந்த ஃபயர்பாக்ஸுக்குச் செல்லவில்லை. மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் செல்லவில்லை. அவை சார்ந்திருந்த, இந்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளருடைய ரூட் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் மட்டும் இடம்பெற்றிருந்ததுதான் காரணம்.

வங்கித் தளமோ மின்னஞ்சலோ, எதைத் திறந்தாலும் அதன் சான்றிதழுக்கு யார் பொறுப்பு என்று கணினி தேடிப்போகிறது. தேடல் முடியும் இடம், தன்னிடம் முன்பே இருக்கும் ரூட் பட்டியல். அந்தப் பட்டியலை யார் பராமரிப்பது என்பதில் பல வழிகள் உண்டு.

முதல் வழி, இயங்குதளம் தந்ததை அப்படியே விட்டுவிடுவது. வீட்டுக் கணினிக்கு இதுவே போதும். விண்டோஸ் எல்லா ரூட்களையும் முன்கூட்டியே அடுக்கி வைப்பதில்லை. தேவைப்படும்போது மைக்ரோசாஃப்டிடமிருந்து இறக்கிக்கொள்கிறது. மேக்கில் பட்டியல் மென்பொருள் புதுப்பிப்போடு வருகிறது. ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் நிலைமை மோசம்: போன் நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்தினால் பட்டியலும் அன்றோடு நின்றுபோகும். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் கூகுள் பிளே வழியாகவே அதைப் புதுப்பிக்க முடிகிறது.

பழைய பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு 2021 செப்டம்பர் 30 நல்ல சாட்சி. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய ரூட் ஒன்று அன்று காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களில் புதிய ரூட் இல்லை; தனி ஏற்பாடு ஒன்றைச் செய்துதான் அவற்றைக் காப்பாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 1.0.2 பதிப்பு ஓடிய சர்வர்கள் பலவற்றில் புதிய ரூட் இருந்தும் இணைப்பு அறுந்தது. அந்தப் பதிப்பு பழைய ரூட்டுக்குப் போகும் சான்றிதழ்ச் சங்கிலியையே பிடித்துக்கொண்டு போய்க் காலாவதியில் முட்டி நின்றது. அங்கே பழைய ரூட்டைக் கையால் நீக்குவதே மருந்தாக இருந்தது.

லினக்ஸில் கதை வேறு. டெபியன், ஃபெடோரா போன்றவை மொசில்லாவின் பட்டியலை எடுத்துத் தருகின்றன. ஆனால் மொசில்லாவின் முடிவுகளில் நிபந்தனைகள் இருக்கும்: இன்ன தேதிக்குப் பிறகு வழங்கியவை செல்லாது, முந்தையவை செல்லும் என்பதுபோல. டெபியன் தரும் தொகுப்பில் அந்த நுணுக்கத்துக்கு இடமில்லை. இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் சைமன்டெக் நிறுவனத்தின் ரூட்களை டெபியன் 2020 ஜூனில் நீக்கிவிட்டு, அதே மாதம் திரும்பச் சேர்க்க நேர்ந்தது. சர்வர்களில் இந்தத் தொகுப்பின் புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. பிரவுசருக்கு இருக்கும் அதே கூர்மையை அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

அடுத்தது, சொந்த ரூட்டைச் சேர்ப்பது. அலுவலகத்துக்குள் மட்டும் இயங்கும் சர்வர்களுக்காகப் பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஆபத்து இங்கேதான் அதிகம். 2015இல் லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தன் ரூட்டைச் சேர்த்திருந்தது அம்பலமானது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி, அதுவும் அந்தக் கணினியிலேயே. அதைப் பிரித்தெடுத்த எவரும் எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் தயாரித்து அந்த மடிக்கணினிகளை ஏமாற்றலாம். அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளிலும் இப்படியொன்று பிடிபட்டது.

சிறிய அலுவலகமாக இருந்து, சொந்த டொமைன் பெயரும் இருந்தால், இந்த வழிக்கே போக வேண்டாம். டிஎன்எஸ் பதிவின் மூலம் உரிமையை நிரூபித்து, உள் சர்வருக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இலவசமாக வாங்கிவிடலாம். சர்வரின் பெயர் பொதுப் பதிவேட்டில் தெரியும் என்பது மட்டுமே குறை. சொந்த ரூட் இல்லாமல் முடியாது என்றால், நிறுவனத்தின் டொமைனுக்கு மட்டும் செல்லும்படி அதற்கு எல்லை கட்டி, சாவியை இணையத்தில் சேராத இடத்தில் வைக்க வேண்டும்.

சேர்த்த பிறகும் தலைவலி உண்டு. டெபியனில் கோப்பின் பெயர் சிஆர்டி என்று முடியாவிட்டால் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கர்ல் ஏற்றுக்கொண்ட ரூட்டை அதே கணினியின் குரோம் மறுக்கலாம், ஏனென்றால் அதற்குத் தனிப் பட்டியல். ஃபெடோராவில் ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தின் பட்டியலைப் பார்க்கும், டெபியனில் பார்க்காது. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த ரூட்டை ஆப்கள் தாமாக நம்புவதில்லை. ஐபோனில் நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புகளுக்குள் போய் முழு நம்பிக்கை என்ற பொத்தானையும் இயக்க வேண்டும்.

பட்டியலில் பிடிக்காத நாடுகள், கேள்விப்படாத நிறுவனங்கள் ஆகியவற்றின் ரூட்களைத் தேடித்தேடி நீக்குவது இன்னொரு வழி. பெரும்பாலோருக்கு இது வீண்வேலை. விண்டோஸில் நீக்கியது தேவைப்படும்போது தானே திரும்பி வரும்; நம்பத்தகாதவை என்ற பிரிவுக்குள் அதைப் போட்டால்தான் தடை நிலைக்கும். மேக்கில் ஆப்பிள் தந்ததை அழிக்கவே முடியாது, ஒருபோதும் நம்பாதே என்று குறிக்கத்தான் முடியும். டிஜிநோட்டார் (2011), டிரஸ்ட்கோர் (2022) ஆகிய சான்றிதழ் நிறுவனங்களை வெளியேற்ற பிரவுசர் நிறுவனங்களில் இதற்கென்றே குழுக்கள் இருந்தன. தனியாள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடும் குறுக்குவழியை நிரலாளர்கள் அதிகம் நாடுகிறார்கள். அதைவிட, சிக்கல் தரும் நிரலுக்கு மட்டும் ரூட் கோப்பைக் காட்டிவிடலாம். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், ஜாவா, நோட் மூன்றுக்குமே வழக்கமாகத் தனித்தனிப் பட்டியல்கள். மூன்றிலும் ரூட் கோப்பைச் சுட்ட வழியிருக்கிறது. இயங்குதளத்தின் பட்டியலைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.