வெள்ளைச் சுவரும் தகரக் கூரையும்

ரிங்லெட் சிற்றூரை அடையும்போதே காற்றில் குளிர் ஏறிவிடுகிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பழைய சாலை அவ்வழியாகத்தான் கேமரன் மலைக்குள் நுழைகிறது. ரிங்லெட்டுக்கு அருகிலேயே இருக்கிறது லெம்பா பெர்த்தாம். லெம்பா என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்று பொருள். பெர்த்தாம் என்பது அங்கு ஓடும் ஆற்றின் பெயர். இன்னும் மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய நகரங்களும் வருகின்றன. இவ்வட்டாரத்துக் கட்டடங்களைக் கூர்ந்து பார்த்தால், யார் யார் எதற்காக இங்கே வந்தார்கள் என்பது விளங்கும்.

இம்மலையின் முதல் குடிமக்கள் ஓராங் அஸ்லி மக்களுள் ஒரு பிரிவினரான செமாய் இனத்தவர். மூங்கிலாலும் ஓலையாலும் ஆன அவர்களுடைய வீடுகள் நெடுங்காலம் நிலைப்பவை அல்ல. அதனால், மிக நீண்ட காலம் வாழ்ந்தவர்களின் பழைய கட்டடம் ஒன்றுகூட இங்கே காட்சிக்கு இல்லை. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்தார். வெயிலில் வாடிய ஆங்கிலேய அதிகாரிகள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் இது என்று அவர் கருதினார். 1930களின் தொடக்கத்தில் சாலை போடப்பட்டது.

வந்தவர்கள் தங்கள் ஊர் நினைவோடு வீடு கட்டினர். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே, குழிப்பந்துத் திடலுக்கு அருகில் நிற்கும் ‘ஸ்மோக்ஹவுஸ்’ விடுதி அவற்றுள் புகழ்பெற்றது. 1930களில் கட்டப்பட்ட அதன் வெள்ளைச் சுவர்களும் கறுப்பு மரச்சட்டங்களும் கணப்படுப்பும் இங்கிலாந்து நாட்டுப்புறத்தை நினைவூட்டுகின்றன. டியூடர் பாணி எனப்படும் இம்முறையில், இங்கிலாந்துக் கிராமங்களில் கருவாலி மரச்சட்டங்களே வீட்டின் பாரத்தைத் தாங்கின. சட்டங்களின் இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, மண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினர். இன்று பிரிஞ்சாங்கில் எழுந்துள்ள பல மாடி விடுதிகளிலும் அதே கறுப்புக் கோடுகள் உள்ளன. ஆனால், அவை எதையும் தாங்குவதில்லை, வெறும் அலங்காரம்தான்!

இங்கேயே ‘ஆல் சோல்ஸ்’ என்னும் சிறிய தேவாலயமும் உண்டு. 1950களின் இறுதியில் உருவான அது, இராணுவத்தினர் பயன்படுத்திய அரைவட்டத் தகரக் கொட்டகை. உருளையை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்ததுபோல் காட்சியளிக்கும் அதற்குள் வழிபாடு நடைபெறுகிறது.

தோட்டங்களின் கதை வேறு. ஜே. ஏ. ரஸல் என்பவர் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று நட்டவர்களுள் தமிழர்கள் ஏராளம். பறித்த கொழுந்தை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. அதை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்த வேண்டும். ஆகவே, தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே அமைந்தது. தொழிலாளர்களும் விடியற்காலைப் பிரட்டுக்கு வந்து நிற்கும் தொலைவிலேயே குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் வாழ்ந்தவை லயத்து வீடுகள். ஒரே நீண்ட தகரக் கூரை; அதன்கீழ் வரிசையாகக் கதவுகள்; ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு குடும்பம். துரையின் பங்களாவில் குளிர்காயக் கணப்படுப்பு எரிந்தது. லயத்தில் சமையல் அடுப்பின் சூட்டில்தான் பிள்ளைகள் குளிர் போக்கினர்.

லயங்களை ஒட்டிக் கோவிலும் பள்ளியும் தோன்றின. பள்ளிக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கோவிலுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

பள்ளத்தாக்கை வெகுவாக மாற்றிய கட்டுமானம் சுல்தான் அபு பாக்கார் அணை. 1960களில் மின் உற்பத்திக்காகப் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே அது எழுப்பப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் ரிங்லெட் ஏரி அதனால் உருவானதே. சரிவுகளில் நிலம் திருத்தப்பட்டபோது அடித்துவரப்பட்ட மண் ஏரியில் சேர்ந்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதும், லெம்பா பெர்த்தாமில் வீடுகள் சேதமடைந்தன, உயிர்களும் பறிபோயின.

பழைய கட்டடங்களுள் எல்லாமே சமமாக நினைக்கப்படுவதில்லை. 1967 மார்ச் 26ஆம் நாள், ‘மூன்லைட்’ பங்களாவில் தங்கியிருந்த ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கப் பட்டு வணிகர் வெளியே சென்றார், திரும்பவே இல்லை. ஒருவர் காணாமற்போனதால் அந்தப் பங்களா உலகப் புகழ் பெற்றது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்த லயங்களுக்கோ பெயர்ப்பலகைகூட வாய்ப்பது அரிது. வசதி குறைந்த அவ்வீடுகளை விட்டு மக்கள் நல்ல வீடுகளுக்குச் செல்வது முறையே. ஆனால், ஒரு லயமேனும் அடையாளமாக நிற்கவில்லையெனில், அங்கு வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்?

மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி எவரும் முன்மொழியலாம். முன்மொழிவதற்கு அந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, யார் வாழ்ந்தார்கள், என்ன நடந்தது என்னும் விவரங்கள் வேண்டும். பங்களாக்களைப் பற்றிய விவரங்கள் ஏடுகளிலும் கோப்புகளிலும் கிடைக்கும். லயங்களைப் பற்றிய விவரங்களோ பெரும்பாலும் அங்கே பிறந்து வளர்ந்த பாட்டிகள், தாத்தாக்களின் நினைவில்தான் இருக்கின்றன.