சுயவிவரத்தில் 11 வருட இடைவெளி

கணினித் துறையில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைப்பேறு, பெரியவர்களின் நோய், கணவரின் வளைகுடாப் பயணம் என்று ஏதோ ஒரு காரணத்தால் வீட்டோடு நின்றுவிட்ட சகோதரிகள் நம் மஹல்லாக்களில் நிறையப் பேர். சென்ற வருடம் நடந்த வேலைவாய்ப்பு வழிகாட்டி முகாமில் அப்படி ஒரு சகோதரி என் மேசைக்கு வந்தார். 2008 முதல் 2014 வரை சென்னையில் மென்பொருள் சோதனைப் பணி செய்தவர். பிறகு இரண்டு பிள்ளைகள், படுக்கையில் விழுந்த மாமியார். இப்போது மாமியார் இல்லை. கணவர் சவூதி வேலையை இழந்து ஊர் திரும்பிவிட்டார். மூத்த மகனுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி.

“இந்த 11 வருஷத்துக்கு என்ன எழுதுறது லாத்தா?” என்று கேட்டார். கையில் இன்னொரு காகிதமும் இருந்தது. 40,000 ரூபாய் கொடுத்தால் அந்த வருடங்கள் முழுக்க வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு ‘கன்சல்டன்சி’ சொல்லியிருந்தது. வளையலை அடகு வைக்க அவர் தயாராகிவிட்டார்.

முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொய்ச் சான்று கூடாது என்பது நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதல்ல. பிழைப்புக் கணக்குப் பார்த்தாலும் அது நஷ்டம்தான். வருங்கால வைப்பு நிதிக்கு யுஏஎன் என்ற ஒரே எண் 2014-ல் வந்தது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தோம் என்பது அந்தக் கணக்கில் பதிவாகிறது. பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பின்னணி விசாரணை செய்யும் முகமைகள் இதைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. அங்கே இல்லாத 11 வருடம் காகிதத்தில் மட்டும் இருந்தால், சேர்ந்து மூன்று மாதம் கழித்துக்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்போது உண்மையாக உழைத்த முதல் 6 வருடத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே இடைவெளியை இடைவெளி என்றே எழுதச் சொன்னேன். “2014 முதல் 2025 வரை: குடும்பப் பொறுப்பு காரணமாகப் பணி இடைவெளி.” ஒரே வரி. மன்னிப்பும் வேண்டாம், கதையும் வேண்டாம். ஆனால் அந்த வரிக்கு மேலே, “இப்போது என்ன செய்து கொண்டிருக்கிறேன்” என்று இன்னொரு வரி இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வு நடத்துபவர் இடைவெளியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, கை துருப்பிடித்திருக்குமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறார். நானே 9 வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவள். இப்போது மேசையின் அந்தப் பக்கத்திலும் உட்காருகிறேன். அதனால் தெரிந்து சொல்கிறேன்.

எது துருப்பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தோம். அவர் நினைத்ததைவிட அதிகம் மிஞ்சியிருந்தது. தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல் மொழி 1986-லேயே தரப்படுத்தப்பட்டது. இரண்டு அட்டவணைகளை இணைக்கும் கட்டளை அன்று எப்படியோ இன்றும் அப்படியே. லினக்ஸ் கட்டளைகளும் அதேதான். ஒரு படிவத்தில் வயது 18 முதல் 60 வரை என்றால் 17, 18, 60, 61 ஆகிய எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற சோதனையாளரின் புத்தி எந்தப் பதிப்பிலும் பழசாகாது.

மாறியவையும் உண்டு. அவர் பழகிய கியூடிபி கருவிக்குப் பதிலாக இன்று பெரும்பாலான இடங்களில் செலினியம் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட பிளேரைட்டும் வேகமாகப் பரவியிருக்கிறது. அவர் நாளெல்லாம் சோதித்துக் கொண்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. அன்று சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியான மென்பொருள், இன்று பல இடங்களில் வாரந்தோறும், ஏன் தினந்தோறும்கூட வெளியாகிறது. ஆகவே சோதனையும் நிரலாகவே எழுதப்பட்டு, மற்றவர்களின் நிரலோடு ‘கிட்’ என்ற பதிப்புக் காப்பு முறையில் சேர்கிறது. 2005-ல் பிறந்த இந்த ‘கிட்’ தெரியாமல் இன்று எந்தக் குழுவிலும் முதல் நாளைக்கூடக் கடத்த முடியாது. முதலில் அதைப் படியுங்கள். அடிப்படைக்கு ஒரு வாரம் போதும்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, “இனி நமக்கு என்ன வேலை?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அது சோதனை நிரலை எழுதித் தரும்; சில நேரம் தப்பாகவும் தரும், தயக்கமே இல்லாமல். தப்பைக் கண்டுபிடிப்பதுதானே நம் தொழில்? பாடம் கற்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாத நிரலை உங்கள் பெயரில் காட்டாதீர்கள். தேர்வில் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, எதைச் செய்து காட்டுவது? பயிற்சிச் சான்றிதழ்களை அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரே ஒரு சிறு வேலை, முழுசாக முடித்ததாக இருந்தால் போதும். நம் அறக்கட்டளை நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஆக்சிஜன் கருவி இரவல் தருவதும், யாரிடம் எது இருக்கிறது என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிடப்பதும் உங்களுக்குத் தெரியும். அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பொருள்களுக்கு ஓர் அட்டவணை, வாங்கியவர்களுக்கு ஒன்று, இரவலுக்கு ஒன்று. நாள் கடந்தும் திரும்பாதவற்றைக் காட்டும் ஒரு பக்கம். பிறகு சோதனைகள்: கைபேசி எண்ணில் 9 இலக்கம் போட்டால்? திருப்பிய தேதி கொடுத்த தேதிக்கு முந்தியிருந்தால்? ஒரே நாற்காலியை இருவருக்கு எழுதினால்? அந்த மூன்றாவது, நம் நோட்டிலேயே இரண்டு முறை நடந்திருந்தது!

ஒரு எச்சரிக்கை. இதை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கும்போது உண்மையான நோயாளிகளின் பெயரும் எண்ணும் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. கற்பனைப் பெயர்களைப் போடுங்கள். இந்தக் கவனத்தை நேர்முகத் தேர்வில் சொன்னாலே மதிப்புக் கூடும்.

நேரம்தான் பெரிய சிக்கல். அவர் பஜ்ருக்குப் பிறகு பிள்ளைகள் எழும்வரை ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பாடங்களுக்கு ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. பல பாடங்களைத் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம். மதிய உணவும் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் கணவர் பொறுப்பு என்று வீட்டில் பேசி முடித்தது இதையெல்லாம்விட முக்கியம். வேலை கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பலர் முதல் மாதத்திலேயே திணறியதைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தை உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சட்டப்படி 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்த்து வரலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

விண்ணப்பத்தைப் பழைய சக ஊழியர்களிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் சொல்லும் ஒரு வார்த்தை, வேலை தேடும் தளத்தில் போடும் நூறு விண்ணப்பத்தைவிடக் கனம். இடைவெளிக்குப் பின் வருபவர்களுக்கென்றே ‘ரிட்டர்ன்ஷிப்’ என்ற பயிற்சி வேலைகளும் உண்டு. கோல்ட்மேன் சாக்ஸ் 2008-ல் இதைத் தொடங்கியது. அதே ஆண்டு இங்கே டாடா குழுமமும் பெண்களுக்கான இரண்டாம் பணிவாழ்வுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. இப்படிப்பட்டவை எப்போதும் திறந்திருக்காது. நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே மாதம் ஒருமுறை பாருங்கள். முன்பணம் கேட்கும் எந்த ‘வேலை’யும் வேலை அல்ல.

சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தோழிகள் இன்று வாங்குவதோடு ஒப்பிட்டால் மனம் ஒடியும். முதல் வருடம் குறைவாக வரும் என்று ஏற்றுக்கொள்ளலாம். சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் ‘பயிற்சி’ என்றால் மறுத்துவிடுங்கள்.

அந்தச் சகோதரி நான்கு மாதம் கழித்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனார். தேறவில்லை. இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம். மீதி நேரம் முழுக்கச் சக்கர நாற்காலியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். பதில் தெரியாத இரண்டு கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்தார். ஒரே நொடியில் இருவர் ஒரே நாற்காலியைப் பதிவு செய்தால் என்ன ஆகும்? நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகள் தாமாகவே ஓட என்ன செய்வாய்? இரண்டுக்கும் விடை தேடி, அடுத்த வாரமே அதே நிரலில் சேர்த்துவிட்டார். இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. நோட்டுப் புத்தகத்தை நாமும் மூடிவிட்டோம். இரவல் கணக்கு இப்போது அந்த நிரலில்தான்.