பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள்

பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போய், "அழாதீங்க, மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். பெற்றவர்களால் மறக்க முடியுமா?

அமெரிக்காவில் பிராங்க் டிஃபோர்ட் என்று பேர்பெற்ற விளையாட்டு எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவருடைய மகள் அலெக்ஸுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் வியாதி. நுரையீரலில் சளி பசைபோல் கெட்டிப்பட்டு மூச்சை அடைக்கும். அது இளகி வெளியே வர, பெற்றோர் தினந்தோறும் பிள்ளையின் முதுகிலும் மார்பிலும் கையால் தட்டவேண்டியிருந்தது. ஒரு நாளும் விடமுடியவில்லை. 1980-ல், எட்டு வயதில், அலெக்ஸ் மரித்தாள். தட்டிய கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தத் தகப்பன் மறக்கவில்லை. 1983-ல் அவள் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த வியாதிக்கான அறக்கட்டளைக்குத் தலைவராயிருந்து பல வருஷம் உழைத்தார். 1989-ல் வியாதிக்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தால் அநேகர் இன்று இலகுவாய் மூச்சுவிடுகிறார்கள். அலெக்ஸ் அதைக் காணவில்லை. ஆனால் அவள் பேர் வீணாய்ப் போகவில்லை.

கவனியுங்கள்! நினைப்பது பலவீனம் அல்ல, அன்பு இன்னும் வேலை செய்கிறது என்பதே அதற்கு அர்த்தம். ஆகவே அடுத்த முறை அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால், "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள். அந்தத் தாய் பேசட்டும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க, அது போதும்.