65 வயதில் மெடிகேர்: எந்த முடிவை முதலில் எடுப்பது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறோம். வரும் அக்டோபரில் எனக்கு 65 முடிகிறது. டிசம்பர் கடைசியோடு வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இப்போது எனக்கும் மனைவிக்கும் கம்பெனி இன்சூரன்ஸ்தான். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய கம்பெனி. மனைவிக்கு 61 வயது. இங்கே வந்தது முதல் அவர் வேலைக்குப் போனதில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மினும் ஜார்டியன்ஸும் சாப்பிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு குளிர்காலத்தில் மூன்று மாதம் திருச்சியில் இருக்க ஆசை. ஜார்டியன்ஸில் உள்ள அதே மருந்து அங்கே மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வந்துவிட்டால் இங்கே மாத்திரைக்கென்று பார்ட் டி எதற்கு என்று தோன்றுகிறது. தபால் பெட்டியைத் திறந்தால் மெடிகேர் விளம்பரம்தான். கோவிலில் ஒரு நண்பர், பிரீமியமே இல்லாத அட்வான்டேஜ் திட்டத்தில் பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் கிடைக்கிறது என்கிறார். இன்னொருவர், "இப்போதே மெடிகேப் எடுங்கள், விட்டால் பிறகு கிடைக்காது" என்று பயமுறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது? என் மனைவியின் காப்பீடு என்ன ஆகும்?

பதில்: பயமுறுத்துகிறவர் பேச்சைக் கேளுங்கள். நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளில் பலவற்றை வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பின்னால் மாற்றுவது மிகக் கடினம். அந்த ஒன்றைப் பற்றி உங்கள் தபால் பெட்டியில் விழும் எந்த விளம்பரமும் வாய் திறக்காது.

1965-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர், ஏ, பி என்ற இரண்டு பகுதிகளோடு தொடங்கியது. ஏ என்பது ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு. பி என்பது டாக்டர், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சைக்கு. பத்து வருடம் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியவருக்கு ஏ இலவசம். எச்-1பி விசாவில் கட்டிய வருடங்களும் இதில் சேரும். இந்தியாவில் வேலை பார்த்த வருடங்கள் சேராது. இரண்டு நாடுகளுக்கும் இடையே அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. பி-க்கு மாதப் பிரீமியம் உண்டு. 2026-ல் அது 202.90 டாலர்.

பி-யில்தான் ஓட்டை இருக்கிறது. வருடத்துக்கு 283 டாலர் டிடக்டிபிளை நீங்கள் கட்டிய பிறகு, ஒவ்வொரு பில்லிலும் 80 சதவீதத்தை மெடிகேர் கொடுக்கும். மீதி 20 சதவீதம் உங்களுடையது. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வெளிநோயாளியாக ஏற்றிக்கொள்ளும் கீமோதெரபிக்கு ஒரு லட்சம் டாலர் ஆனால், இருபதாயிரம் உங்கள் கையிலிருந்து போகும். இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்த 20 சதவீதத்தை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப். மற்றொன்று, ஏ, பி இரண்டையும் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடும் அட்வான்டேஜ்.

பார்ட் பி தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு, எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதற்காகக் கூடுதல் பிரீமியம் கேட்கவும் முடியாது. அந்த ஆறு மாதம் போனால், சில விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர, கேள்வித்தாளை நீட்டுவார்கள். சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தீர்களா என்று கேட்டுவிட்டு மறுக்கலாம், அல்லது விலையை ஏற்றலாம். ஹட்சன் நதிக்கு அந்தப் பக்கம் நியூ யார்க்கில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. அங்கே எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கனெக்டிகட்டிலும் அப்படித்தான். நியூ ஜெர்சியில் அந்தச் சட்டம் இல்லை.

அதனால்தான் "முதலில் அட்வான்டேஜ், உடம்பு படுத்தும்போது மெடிகேப்" என்ற கணக்கு பெரும்பாலும் தப்பாகிறது. மெடிகேப் தேவைப்படும் நேரத்தில்தான் அதைத் தர மறுப்பார்கள். 65 வயதில் மெடிகேருக்குத் தகுதி பெற்றதுமே அட்வான்டேஜில் சேர்ந்தவர், முதல் 12 மாதத்துக்குள் திரும்பிவந்து மெடிகேப் வாங்கலாம் என்று ஒரு சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் ஏ-வை ஒரு மாதத்திலும் பி-யை இன்னொரு மாதத்திலும் எடுக்கக்கூடியவர். சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

அட்வான்டேஜ் மோசம் என்று சொல்ல வரவில்லை. மாதச் செலவைச் சுருக்கியாக வேண்டியவர்களுக்கு அது நியாயமான வழி. 20 சதவீதத்துக்கு ஓர் உச்சவரம்பாவது அதில் உண்டு: 2026-ல் நெட்வொர்க்குக்குள் அதிகபட்சம் 9,250 டாலர், பல திட்டங்களில் இதைவிடக் குறைவு. ஆனால் "பிரீமியமே இல்லை" என்பதில் பாதி விளம்பரம். பி பிரீமியத்தை நீங்கள் கட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள். பல திட்டங்களில் டாக்டர் நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும். பெரிய ஸ்கேன், அறுவை சிகிச்சைக்கெல்லாம் முன் அனுமதி கேட்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரி அடுத்த வருடமும் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஜிம் இலவசம் என்பதற்காக இதையெல்லாம் ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நண்பரின் பல் வைத்தியத்துக்கும் வருட வரம்பு இருக்கும். எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது அரசின் மெடிகேர், அதோடு மெடிகேப், தனியாக ஒரு பார்ட் டி. மெடிகேப் திட்டங்களுக்கு எழுத்துதான் பெயர். நியூ ஜெர்சியில் எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் பிளான் ஜி என்றால் ஒரே பலன்தான், விலை மட்டுமே வேறு. எனவே கம்பெனியின் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. கடந்த சில வருடங்களில் அவர்கள் பிரீமியத்தை எப்படி ஏற்றினார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். பிளான் ஜி எடுத்தால், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் பி-யின் 283 டாலர் டிடக்டிபிள் தவிர அநேகமாக வேறு செலவு வராது. பிளான் என் அதைவிட மலிவு. டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்கு 50 டாலர் வரை கொடுக்க வேண்டியிருக்கும். மூத்தவர்கள் புகழும் பிளான் எஃப் உங்களுக்குக் கிடைக்காது. 2020 முதல் 65 ஆனவர்களுக்கு அதை விற்பதில்லை.

திருச்சி விஷயத்துக்கு வருகிறேன். மெடிகேர் பொதுவாக அமெரிக்க எல்லையோடு நின்றுவிடும். பிளான் ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்குக் கொஞ்சம் இடம் உண்டு. 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பிறகு 80 சதவீதம் கொடுப்பார்கள். வாழ்நாள் முழுவதற்கும் 50,000 டாலர்தான் வரம்பு. அதுவும் பயணத்தின் முதல் 60 நாட்களில் தொடங்கும் அவசரத்துக்கு மட்டுமே. நீங்கள் இருக்க நினைப்பது மூன்று மாதம். மூன்றாவது மாதத்துக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள், அதில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய் சேருமா என்று பார்த்து எடுங்கள். பின்னாளில் ஊரிலேயே அதிக நாள் தங்கத் தோன்றினால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வட்டாரத்தை விட்டு வெளியே இருந்தால் அட்வான்டேஜ் திட்டம் பொதுவாகப் பெயரை நீக்கிவிடும். மெடிகேப்பில் அந்தத் தொல்லை இல்லை.

மாத்திரை பற்றிய உங்கள் கணக்கு முட்டாள்தனம் இல்லை. ஜார்டியன்ஸில் உள்ள எம்பாக்ளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. பல கம்பெனிகள் களத்தில் இறங்கியதும் விலை சரிந்தது. இங்கேயோ, மெடிகேர் பேரம் பேசி இறக்கிய பிறகும் ஜார்டியன்ஸ் 2026-ல் 30 நாளுக்கு 197 டாலர். பார்ட் டி-யின் அடிப்படை அமைப்பின்படி முதல் 615 டாலர் உங்களுடையது, பிறகு 25 சதவீதம். ஜார்டியன்ஸ் ஒன்றுக்கே வருடத்துக்குத் தோராயமாக 1,050 டாலர் வரும். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும் என்றாலும், திருச்சி மருந்துக்கடையோடு ஒப்பிட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனாலும் பார்ட் டி எடுங்கள். அது இன்றைய மாத்திரைக்காக இல்லை. நாளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று வந்து இம்ப்ருவிகா எழுதிக் கொடுத்தால், பேரம் பேசிக் குறைத்த விலையே 30 நாளுக்கு 9,319 டாலர். பார்ட் டி இருந்தால், திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு இந்த வருடம் முழுவதும் உங்கள் கையிலிருந்து போவது 2,100 டாலரோடு நின்றுவிடும். பார்ட் டி இல்லாதவர் நோய் கண்ட மறுநாளே போய்ச் சேரவும் முடியாது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை சேரலாம், காப்பு ஜனவரி 1-ல்தான் தொடங்கும். அபராதம் வேறு. மெடிகேர் ஏற்கும் தரத்தில் மருந்துக் காப்பீடு இல்லாமல் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும், தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு சதவீதம் கூடும். இந்த வருடம் அந்த அடிப்படை 38.99 டாலர். மூன்று வருடம் விட்டுப் பிடித்தால் மாதம் 14 டாலர், பார்ட் டி இருக்கும்வரை. திருச்சியில் வாங்கிய பில்லைக் காட்டினால் இந்தக் கணக்கில் எடுபடாது.

எந்தத் திட்டம் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மெடிகேரின் அரசு இணையதளத்தில் உங்கள் மருந்துகளையும் அளவையும் நீங்கள் போகும் பார்மசியையும் கொடுத்தால், பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த வருட மொத்தத்தைத் திட்டம் திட்டமாகக் காட்டும். அந்த மொத்தத்தைப் பாருங்கள், பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்களுடைய டோஸுக்கு ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த இலையுதிர்காலத்தில் மாற்றிவிடலாம். உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் வராது. மருந்துப் பட்டியல் வருடா வருடம் மாறுவதால், செப்டம்பரில் திட்டம் அனுப்பும் மாற்றக் கடிதத்தைப் பிரிக்காமல் குப்பையில் போடாதீர்கள்.

இனி தேதிகள். 1961-ல் பிறந்த உங்களுக்கு முழு சோஷியல் செக்யூரிட்டி 67-ல்தான். அதை இப்போதே வாங்காதவருக்கு மெடிகேர் தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏ-வை அக்டோபர் முதலே எடுங்கள். எச்.எஸ்.ஏ. என்ற வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறவரானால் செப்டம்பரோடு நிறுத்திவிடுங்கள். ஏ-வைத் தாமதமாகக் கேட்டாலும் அது ஆறு மாதம் வரை பின்தேதியிட்டு வரும். பிறகு வரித்துறையிடம் மாட்டுவீர்கள். உங்கள் கம்பெனியில் 20 பேருக்கு மேல் இருப்பதால், வேலையில் உள்ளவரை பி-யைத் தள்ளிப்போடலாம். டிசம்பரில் விண்ணப்பித்தால் ஜனவரி 1-ல் தொடங்கும். மெடிகேப்புக்கும் பார்ட் டி-க்கும் அதே மாதம் எழுதிப் போட்டு, மூன்றும் ஒரே நாளில் தொடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் வேலையும் காப்பீடும் இருந்ததற்கான சி.எம்.எஸ்.-எல்564 படிவத்தை மனிதவளத் துறையிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வேலையை விட்டபின், கம்பெனிக் காப்பீட்டையே சொந்தச் செலவில் தொடரும் கோப்ராவில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பி-யைப் பொறுத்தவரை கோப்ரா வேலைக் காப்பீடாகாது. தாமதமாகும் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பிரீமியத்தில் பத்து சதவீதம் ஏறும், ஏறியது இறங்காது.

பி-யின் விலையில் இன்னொரு அதிர்ச்சியும் வரலாம். மெடிகேர் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கை. 2027-க்கு நீங்கள் முழுச் சம்பளம் வாங்கிய 2025-ஐப் பார்ப்பார்கள். இந்த வருட அளவுகோலில், கூட்டாக வரி கட்டும் தம்பதிக்கு 2,18,000 டாலரைத் தாண்டினால் பி, டி இரண்டுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. அப்படிக் கடிதம் வந்தால், வேலையை விட்டதைச் சொல்லி எஸ்.எஸ்.ஏ.-44 படிவம் போடுங்கள். புதிய வருமானத்தை வைத்துக் குறைத்துத் தருவார்கள்.

உங்கள் மனைவிக்கு உங்களோடு மெடிகேர் வராது, அது ஆளுக்கு ஆள். 65 ஆகும்போது உங்கள் வேலைக் கணக்கிலேயே அவருக்கும் ஏ இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு நான்கு வருடம் இருக்கிறது. கோப்ரா உங்களுக்குத்தான் வேண்டாம், அவருக்கு உதவும். வழக்கமாக 18 மாதம்தான் கிடைக்கும். வேலையை விடுவதற்கு முந்தைய 18 மாதத்துக்குள் நீங்கள் மெடிகேரில் சேர்ந்திருந்தால், சேர்ந்த தேதியிலிருந்து 36 மாதம் வரை அவருக்கு நீளும். ஏ-வை அக்டோபரிலேயே எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். என்ன, கம்பெனி கொடுத்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கட்ட வேண்டியிருக்கும். கெட் கவர்ட் நியூ ஜெர்சி என்ற மாநிலச் சந்தையில் தனித் திட்டம் எடுப்பது மற்றொரு வழி. கம்பெனிக் காப்பீடு போன 60 நாளுக்குள் அதில் சேர்ந்துவிட வேண்டும். இரண்டின் விலையையும் நவம்பரிலேயே கேட்டு வையுங்கள்.

முகவர்களிடம் பேசுவதில் தவறில்லை, அவர்களுக்குக் கமிஷன் கொடுப்பது காப்பீட்டுக் கம்பெனி என்பது நினைவிருந்தால் போதும். எதையும் விற்காமல் ஆலோசனை மட்டும் சொல்ல, ஷிப் என்ற அரசின் இலவசச் சேவை ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. நியூ ஜெர்சியில் அது கவுண்டி தோறும் இயங்குகிறது. அக்டோபர் பாதிக்கு மேல் கூட்டம் தாளாது. ஆகஸ்டிலேயே நேரம் வாங்குங்கள். போகும்போது மருந்துச் சீட்டுகள், 2025 வரிக் கணக்கு, உங்கள் டாக்டர்களின் பெயர்ப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.